வீட்டு விஞ்ஞானம்: வலப் பெட்டியின் இரைச்சல்

வடமராட்சியிலிருந்து ஓர் அன்பர் எழுதியிருக்கும் கடிதம் பல வீடுகளுக்கும் பொதுவான ஒரு தொல்லையைப் பற்றியது. ஆகையால், அதற்குரிய விடையை இவ்வாரம் இப்பகுதியிலேயே விரிவாக எழுத எண்ணினேன். அவருடைய வீட்டில் இலண்டனிலுள்ள தமையனார் அனுப்பிவைத்த அம்பிளிபயர் ஒன்றும், இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகளும், கசெற் ஒலிநாடா போடும் கருவியொன்றும், பழைய இசைத்தட்டுச் சுழலியொன்றும் இருக்கின்றன. சில மாதங்களாக வலப்பக்கத்துப் பெட்டியில் மாத்திரம் ஓயாத இரைச்சல். இடப்பக்கத்துப் பெட்டியோ குறைவின்றிப் பாடுகின்றது.

பழுது பார்ப்போர் இருவரை அவர் அணுகியிருக்கின்றார். ஒருவர், உள்ளேயிருக்கும் பலகை முழுவதையும் மாற்றவேண்டும் என்று பெருந்தொகை கேட்டாராம். மற்றவர், பிளக்கைக் கழற்றிப் பச்சையும் மஞ்சளுமான வயரை வெட்டிவிட்டால் இரைச்சல் நின்றுவிடும், செலவுமில்லை என்றாராம். இவற்றுள் எதைச் செய்வது என்பதே அன்பரின் கேள்வி. கடிதத்தின் கடைசி வரிகளில் அவர் ஏன் அவசரப்படுகின்றார் என்பதும் தெரிகின்றது. காலஞ்சென்ற தந்தையார் ஓதிய தேவாரங்கள் மூன்று கசெற்றுகளில் இருக்கின்றன. வருகின்ற ஆண்டுத் திவசத்துக்கு முன் அவற்றைக் கணினியில் பிரதி செய்து, வெளிநாடுகளிலுள்ள சகோதரர்களுக்கு அனுப்ப விரும்புகின்றார். இரைச்சலோடு பிரதி செய்தால் இரைச்சலும் குரலோடு சேர்ந்து நிலைத்துவிடும் என்று அவர் அஞ்சுவது நியாயமே.

நமது குடாநாட்டில் இத்தகைய ஒலிநாடாக்கள் வெறும் பொழுதுபோக்குப் பொருள்கள் அல்ல. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வீடு வாசல்களை விட்டுப் பெயர்ந்தபோது புகைப்படங்களும் புத்தகங்களும் ஒலிநாடாக்களும் வீடுகளிலேயே கிடந்து அழிந்தன. எஞ்சியவை சில. அளவெட்டித் தவில்மேதை தெட்சணாமூர்த்தி 1975ஆம் ஆண்டிலே மறைந்தார். அவர் வாசிப்பைக் கோயில் வீதிகளில் நேரே கேட்டவர்களின் தொகை ஆண்டுதோறும் குறைந்து வருகின்றது. இனி வருவோர் அதனை ஒலிப்பதிவில்தான் கேட்க முடியும். ஆகவே, வீட்டிலுள்ள பழைய கருவியைச் சீராக வைத்திருப்பதும் ஒருவகையில் முதுசொத்தைப் பேணுவதேயாகும்.

விடையின் சாரத்தை முதலிலே சொல்லிவிடுகின்றேன். பச்சை மஞ்சள் வயரை வெட்டவே கூடாது. பலகையை மாற்றுவதற்கு முன் செய்யவேண்டிய எளிய சோதனைகள் சில உண்டு. அவற்றுக்குக் காசும் வேண்டாம். கருவியின் மூடியைத் திறக்கவும் வேண்டாம்.

இரட்டையரில் ஒருவர்

ஒலியை இரண்டு தடங்களாகப் பிரித்து, இரண்டு பெட்டிகளால் ஒலிக்கச் செய்யும் முறைக்கு இங்கிலாந்தின் ஈ.எம்.ஐ. நிறுவனத்துப் பொறியியலாளர் அலன் புளூம்லைன் 1931ஆம் ஆண்டு டிசம்பரில் காப்புரிமை கோரினார். அப்போது அவருக்கு வயது 28. ஈர்தட இசைத்தட்டுகள் பொதுமக்களின் கைக்கு வந்தது 1958ஆம் ஆண்டளவிலேதான். நாதஸ்வரம் ஒரு பக்கத்திலும் தவில் மற்றப் பக்கத்திலும் இருப்பதுபோன்ற உணர்வை இம்முறை தருகின்றது.

பழுது தேடுவோருக்கு இதனால் இன்னொரு நன்மையும் உண்டு. ஈர்தட அம்பிளிபயருக்குள் ஒரே மாதிரியான இரண்டு அம்பிளிபயர்கள் இருக்கின்றன. ஒன்று நோயுற்றால் மற்றது நலமாகப் பக்கத்திலேயே இருக்கின்றது. இரட்டைப் பிள்ளைகளில் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால், மற்றவனைத் தொட்டுப் பார்த்து வேறுபாட்டை அறிவதுபோல, நல்ல தடத்தை அளவுகோலாக வைத்துக் கெட்ட தடத்தை ஆராயலாம்.

இரைச்சலின் இனம்

எல்லா இரைச்சலும் ஒன்றல்ல. முதலில் காதைக் கொடுத்துக் கேட்டு, அதன் இனத்தை அறிதல் வேண்டும்.

நமது வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ற்று ஆடலோட்டம். அது செக்கனுக்கு 50 தடவை முன்னும் பின்னுமாக ஆடுகின்றது. இந்த ஆட்டம் எங்கேனும் ஒரு வயரின் வழியாக இசைக்குள் புகுந்தால், ஆழ்ந்த தாழ்ந்த ரீங்காரமாக ஒலிக்கும். அம்பிளிபயரினுள் ஆடலோட்டத்தை நேரோட்டமாக மாற்றும் பகுதி பழுதுற்றால், அலையின் இரு பாதிகளும் ஒரே பக்கம் திருப்பப்படுவதனால் செக்கனுக்கு 100 ஆகிய ஒலி எழும். இது முன்னையதற்குச் சரியாக ஒரு ஸ்தாயி மேலே நிற்கும். சங்கீதப் பயிற்சியுள்ள வீடுகளில் இதைக் கண்டுபிடிப்பது மிக எளிது. ஐந்து கட்டைச் சுருதியின் ஆதார ஷட்ஜத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே செக்கனுக்கு 98 அதிர்வுகள் உள்ளன. இரைச்சல் அந்தச் சுருதிக்குச் சற்றே மேலே நின்றால் அது 100. அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே நின்றால் அது 50.

வண்டு கத்துவதுபோன்ற கூர்மையான இரைச்சல் வேறு இனம். மின்விசிறியின் புதுவகை வேகக் கட்டுப்படுத்தி, ஒளியைக் கூட்டிக் குறைக்கும் சுவிச், மலிவான எல்.ஈ.டி. விளக்கு, கைத்தொலைபேசிச் சார்ஜர் ஆகியவற்றால் இது எழக்கூடும். அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும். மழைத்தூறல்போலச் சடசடப்பது, பெரும்பாலும் அழுக்கடைந்த தொடுகையின் வேலை.

செக்கனுக்கு 100 ஆன ஒலி ஏன் எழுகின்றது என்பதை நம்மவர்க்கு விளக்கப் பாடப்புத்தகம் வேண்டியதில்லை. 1990களில் குடாநாடு மின்சாரமின்றி இருளில் இருந்தது. உலர் மின்கலமோ தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்று. அப்போது சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையால் சுழற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்னால் றேடியோவை இயக்கிச் செய்தி கேட்டார்கள். டைனமோ தருவது ஆடலோட்டம். அதனை இருவாயி ஒன்றின் வழியாக ஒருபக்கமாக்கினாலும், அது துடித்துத் துடித்தே வரும். இடையிலே பெரிய கொள்ளளவி ஒன்றை வைத்தால்தான் துடிப்பு அடங்கும். அது சிறிதாக இருந்தாலோ பழுதாகி இருந்தாலோ, செய்தி வாசிப்பவரின் குரலோடு இரைச்சலும் வரும். சுழற்றும் வேகத்துக்கு ஏற்ப அதுவும் ஏறி இறங்கும். அம்பிளிபயருக்குள் இருக்கும் பெரிய கொள்ளளவிகள் செய்வதும் இதே வேலைதான். கிணற்றிலிருந்து துலா விட்டு விட்டு இறைக்கும் நீரைத் தொட்டி வாங்கி, வாய்க்காலில் ஒரே சீராக விடுவதை ஒத்தது அது. வெப்பத்தினால் ஆண்டுகள் செல்லச் செல்ல அவற்றினுள் இருக்கும் ஈரம் வற்றித் தொட்டி சிறுத்துவிடுகின்றது. ஆயின், பெரும்பாலான கருவிகளில் இந்தத் தொட்டி இரு தடங்களுக்கும் பொதுவானது. அது பழுதானால் இரு பெட்டிகளும் இரையும். அன்பரின் வீட்டில் ஒன்றுமட்டும் இரைவதால், இது காரணமாகாதிருக்கவே இடமுண்டு.

மாற்றிப் பார்க்கும் முறை

சோதனைக்கு முன் மூன்று விதிகளை மனத்திற் கொள்க. ஒவ்வொரு தடவையும் அம்பிளிபயரை நிறுத்தி, பிளக்கையும் கழற்றிய பின்னரே வயர்களை மாற்றுதல் வேண்டும். பெட்டிகளுக்குச் செல்லும் இரு வயர்களின் நுனிகள் ஒன்றோடொன்று தொடாதபடி பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். தொட்டால் உள்ளேயிருக்கும் திரான்சிற்றர்கள் கணத்தில் எரிந்துபோம். மூன்றாவது, பழைய வால்வு அம்பிளிபயராயின், பெட்டி இணைக்கப்படாத நிலையில் அதனை இயக்கவே கூடாது.

முதற் சோதனை. அம்பிளிபயரின் பின்புறத்தில் இடப்பெட்டிக்குச் செல்லும் வயரையும் வலப்பெட்டிக்குச் செல்லும் வயரையும் மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். இரைச்சல் முன்போலவே வலப்பெட்டியில் நின்றால், குற்றம் அந்தப் பெட்டியிலோ அதன் வயரிலோ உள்ளது. பாட்டு ஒலிக்கும்போது மாத்திரம் கரகரத்தால், உள்ளிருக்கும் காகிதக் கூம்பு கிழிந்திருக்கலாம். இரைச்சல் இடப்பெட்டிக்குத் தாவினால், பெட்டிகள் இரண்டும் குற்றமற்றவை. நோய் அம்பிளிபயரிலோ அதற்கு முன்னரோ இருக்கின்றது. வயர்களைப் பழையபடி இணைத்துவிடுங்கள்.

இரண்டாவது சோதனை. ஒலிநாடாக் கருவியிலிருந்து அம்பிளிபயருக்கு வரும் சிவப்பு, வெள்ளை முனைகளை அம்பிளிபயர்ப் பக்கத்தில் மாத்திரம் மாற்றிச் செருகுங்கள். இரைச்சல் வலப்பக்கத்திலேயே நின்றால், குற்றம் அம்பிளிபயரின் வலத்தடத்தில். அது இடப்பக்கத்துக்குப் போய்விட்டால் அம்பிளிபயர் நலமானது; வயரையோ ஒலிநாடாக் கருவியையோ ஐயுறவேண்டும்.

மூன்றாவது சோதனை, இரண்டாவதில் இரைச்சல் இடம் மாறினால்மட்டும் செய்யத்தக்கது. அம்பிளிபயர்ப் பக்கத்து முனைகளைப் பழையபடி செருகிவிட்டு, இம்முறை ஒலிநாடாக் கருவியின் பக்கத்தில் மாத்திரம் மாற்றுங்கள். இரைச்சல் வலப்பக்கத்திலேயே இருந்தால் சிவப்பு முனை வயரே குற்றவாளி; அதை மாற்றுவதற்கு அதிகம் செலவாகாது. இரைச்சல் இடம் மாறினால் ஒலிநாடாக் கருவியின் வலத்தடம் பழுதடைந்துள்ளது.

இவற்றோடு ஒலியளவுக் குமிழையும் திருப்பிப் பாருங்கள். குமிழைக் குறைக்க இரைச்சலும் குறைந்தால், அது குமிழுக்கு முன்னேயுள்ள பகுதியில் புகுகின்றது. குமிழ் எந்த நிலையில் இருந்தாலும் இரைச்சல் மாறாதிருந்தால், குமிழுக்குப் பின்னேயுள்ள வலுப்பகுதியில் நோய் இருக்கின்றது. இந்த நான்கு செய்திகளையும் ஒரு கடதாசியில் எழுதி வைத்துக்கொண்டால், பழுது பார்ப்பவர் ஒரு நாளில் அறிவதைத் தாங்கள் அரைமணி நேரத்தில் அறிந்துவிட்டீர்கள் என்று கொள்ளலாம்.

சிறு காரணங்கள்

ஒரு தடம்மட்டும் இரையும்போது, பத்தில் எட்டு என்று கணக்குக் கூறாவிட்டாலும், பெரும்பாலும் காரணம் அற்பமானதாகவே இருக்கக் காண்கின்றோம். இசையைக் கொண்டுவரும் வயரின் நடுவே மெல்லிய கம்பியும், அதைச் சுற்றி வலைபோன்ற கவசமும் உண்டு. கவசம் சுற்றியுள்ள மின்புலத்தைத் தடுத்து, நடுக்கம்பியைக் காக்கின்றது. முனையருகில் வயரை அடிக்கடி வளைப்பதால் கவசம் அறுந்துவிட்டால், நடுக்கம்பி வீட்டிலுள்ள மின்வயர்கள் அனைத்தின் ஆட்டத்தையும் ஏரியல்போல வாங்கிக்கொள்ளும். வயரின் முனையை விரலால் அசைக்கும்போது இரைச்சல் விட்டு விட்டு வருமாயின், இதுவே காரணம்.

பருத்தித்துறை, காங்கேசன்துறை, தீவுப்பகுதி முதலிய கடலோர ஊர்களில் உப்புக்காற்று செம்பையும் பித்தளையையும் மெல்ல அரிக்கின்றது. வலிகாமத்துச் செம்மண் தூசு குமிழ்களுக்குள்ளும் சுவிச்சுகளுக்குள்ளும் புகுகின்றது. நீண்டநாள் இயக்காத கருவியில் எறும்பு கூடு கட்டுவதும் பல்லி முட்டையிடுவதும் நாமறிந்தவை. ஆகவே, முனைகளைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்து மீண்டும் செருகுதல், தெரிவுச் சுவிச்சை இயக்கமற்ற நிலையில் இருபது முப்பது தடவை அங்குமிங்கும் திருப்புதல் ஆகிய இரண்டையும் முதலிற் செய்யலாம். தொடுகைகளைத் துப்புரவாக்கும் தெளிமருந்து மின்பொருட் கடைகளில் கிடைக்கும். தேங்காய் எண்ணெயோ துருநீக்கும் சாதாரண எண்ணெயோ விடுதல் நன்றன்று. தூசு அதில் ஒட்டிப் பின்னும் கேடு விளைக்கும்.

இசைத்தட்டுச் சுழலியில் இரைச்சல் வந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஊசி தரும் மின்சாரம் ஏறத்தாழ 5 மில்லிவோல்ற்றே. அன்றியும், 1954ஆம் ஆண்டு முதல் பொதுவழக்காகிய பதிவுமுறையின்படி, அம்பிளிபயர் தாழ்ந்த சுரங்களை மிகையாக உயர்த்துகின்றது. செக்கனுக்கு 1,000 ஆன ஒலியோடு ஒப்பிட, 50 ஆன ஒலி ஏறத்தாழ ஏழு மடங்கு பெருகும். ஆதலால், அணுவளவு ரீங்காரமும் மலையாகிவிடும். சுழலியிலிருந்து தனியே வரும் மெல்லிய வயர் ஒன்றை அம்பிளிபயரின் பின்புறத்திலுள்ள திருகாணியில் இறுக்கவேண்டும். அது கழன்றிருந்தால் இரண்டு பெட்டிகளும் இரையும். வலப்பெட்டிமட்டும் இரைந்தால், ஊசித்தலையின் பின்னேயுள்ள நான்கு நுண்ணிய வயர்களைப் பாருங்கள். வெள்ளையும் நீலமும் இடத்தடத்துக்குரியவை. சிவப்பும் பச்சையும் வலத்தடத்துக்குரியவை. இவற்றுள் பச்சை தளர்ந்திருந்தால் வலப்பக்கம் இரையும். சிறு சாமணத்தினால் மெல்ல அழுத்திவிட்டால் போதும். பெருந்தொகை கொடுத்துப் பலகையை மாற்றிய பின்னும் இந்தப் பச்சை வயர் தளர்ந்தேயிருக்குமாயின், இரைச்சலும் இருந்தபடியே இருக்கும்.

இரண்டு பெட்டிகளும் இரைந்தால்

அன்பரின் வீட்டில் ஒரு பெட்டியே இரைகின்றது. எனினும், ஒலிநாடாவைக் கணினியில் பிரதி செய்யத் தொடங்கும்போது அவரை வேறோர் இரைச்சல் எதிர்கொள்ளக்கூடும் என்பதால் அதையும் சொல்லிவைக்கின்றேன். புவியோடு தொடுக்கப்பட்ட இரண்டு கருவிகளை ஒலிவயரால் இணைக்கும்போது, அவ்வயரின் கவசமும் புவிக்கம்பிகளும் சேர்ந்து ஒரு வளையமாகின்றன. புவி எங்கும் ஒரே மட்டத்தில் இருக்கும் என்று நாம் எண்ணினாலும், இரு இடங்களுக்கிடையே சிறு மின்னழுத்த வேறுபாடு இருக்கவே செய்யும். அதனால் வளையத்தில் மின்னோட்டம் ஓடி, இரு பெட்டிகளிலும் ரீங்காரம் எழும். தொலைக்காட்சியின் டிஷ் வயரையோ கேபிள் வயரையோ கழற்றியதும் இரைச்சல் நின்றால், வளையம் அதன் வழியாகவே அமைந்தது என்க. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி, அதன் மின்கலத்திலேயே இயக்கியதும் இரைச்சல் நின்றாலும் அவ்வாறே.

இதற்கு மருந்து எளிது. எல்லாக் கருவிகளையும் ஒரே சுவர்ப் பிளக்கிலிருந்து ஒரே பலமுனைப் பலகையின் மூலம் இயக்குங்கள். பிரதி செய்யும் நேரத்தில் மடிக்கணினியை மின்கலத்தில் ஓடவிடுங்கள். தொலைக்காட்சி வயருக்கும் ஒலிவயருக்கும் இடையே வைப்பதற்கெனச் சிறு தனிமைப்படுத்தும் நிலைமாற்றிகள் விற்கப்படுகின்றன. வளையத்தை ஒலிவயரில் உடைக்கலாம்; புவிக்கம்பியில் ஒருபோதும் உடைக்கக்கூடாது.

பச்சை வயர் எதற்கு?

இப்போது அந்த இரண்டாம் ஆலோசனைக்கு வருவோம். புவிக்கம்பியை வெட்டினால் வளைய இரைச்சல் நிற்கும் என்பது மெய்யே. ஆகையினால்தான் அந்தத் தவறான வைத்தியம் இத்தனை ஆண்டுகளாக நிலைத்திருக்கின்றது. ஆனால், அன்பரின் நோய் அதுவன்று. புவிக்கம்பி இரு தடங்களுக்கும் பொதுவானது. குற்றம் அங்கே இருக்குமானால், பெரும்பாலும் இரு பெட்டிகளும் இரைந்திருக்கும். எனவே, வெட்டுவதால் இரைச்சலும் நிற்காது, காவலும் போய்விடும்.

காவல் எத்தகையது என்பதைக் கணக்காகவே பார்ப்போம். நமது வீடுகளிற் பெரும்பாலும் வளவுக்குள்ளேயே புவிக்கோல் நாட்டப்படுகின்றது. குடாநாடோ சுண்ணக்கல்லின்மேல் அமைந்த பூமி. மேலேயுள்ள மண் பல இடங்களில் ஆழமற்றது. ஆடி, ஆவணி மாதங்களில் மண் காய்ந்து கிடக்கும்போது புவிக்கோலின் தடை உயரும். அது 50 ஓம் எனக் கொள்வோம். உயிர்க்கம்பி அறுந்து அம்பிளிபயரின் இரும்புக் கூட்டைத் தொட்டால், புவிக்கம்பி வழியே 230ஐ 50ஆற் பிரிக்க வரும் 4.6 அம்பியர் ஓடும். 16 அம்பியரில் விழும் சுற்றுடைப்பான் இதற்கு விழாது. ஆனால் 30 மில்லிஅம்பியர் கசிந்தாலே விழும் ட்ரிப் சுவிச் உடனே விழுந்துவிடும். கூட்டை எவரும் தொடுமுன்னரே ஆபத்து நீங்கிவிடும்.

புவிக்கம்பியை வெட்டிவிட்டாலோ, இரும்புக்கூடு 230 வோல்ற்றில் நிற்கும். ஓடுவதற்கு வழியில்லாததால் எதுவும் விழாது. பாட்டும் வழக்கம்போல ஒலித்துக்கொண்டிருக்கும். வீடு கழுவிய ஈரச் சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு வந்து யாரேனும் குமிழைத் தொடும்போதுதான் மின்சாரத்துக்கு வழி கிடைக்கும். உடலின் தடை 2,000 ஓம் எனக் கொண்டாலும் 115 மில்லிஅம்பியர் பாயும். இதயத்தின் துடிப்பொழுங்கைக் குலைக்க அது போதும். ட்ரிப் சுவிச் உள்ள வீட்டில் அதிர்ச்சியோடு தப்பலாம்; இல்லாத வீட்டில் என்ன நேரும் என்று நான் எழுதவேண்டியதில்லை. தந்தையாரின் குரலைக் காப்பதற்காகப் பிள்ளைகளின் உயிரைப் பணயம் வைக்கலாமா?

இரண்டு விஷயங்களை இவ்விடத்திற் சேர்த்துச் சொல்லவேண்டும். கருவியின் பின்புறத்தில் சதுரத்துக்குள் சதுரம் வரைந்த அடையாளம் இருந்தால், அது இரட்டைக் காவலிட்ட கருவி. அதற்குப் புவிக்கம்பி வேண்டியதில்லை, இரண்டு வயர்களே வரும். அவ்வடையாளம் இல்லாமல் மூன்று வயர்களோடு வந்த கருவிக்கு மூன்றும் வேண்டும். மற்றது, ட்ரிப் சுவிச்சின் முகத்தில் சிறு சோதனைப் பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் சுவிச் விழவேண்டும். மாதத்துக்கு ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் மின்வேலை தெரிந்தவரை அன்றே அழையுங்கள். புவிக்கோலின் தடையையும் கோடையில் ஒருமுறை அளப்பித்துக்கொள்வது நல்லது.

கனடாவிலிருந்து வரும் கருவிகள்

இலண்டனிலிருந்து வரும் கருவிகள் நமது மின்சாரத்துக்குப் பொருந்தும். கனடாவிலிருந்து வருவன அவ்வாறல்ல. அங்கே மின்சாரம் 120 வோல்ற்று; அது செக்கனுக்கு 60 தடவை ஆடுகின்றது. வோல்ற்றைக் குறைக்கும் நிலைமாற்றிப் பெட்டியை நாம் வாங்கி வைக்கின்றோம். ஆனால், அது 50ஐ 60 ஆக்குவதில்லை. ஆட்டம் 60இலிருந்து 50 ஆகக் குறையும்போது, அதே வோல்ற்றளவில் கருவியின் நிலைமாற்றியிலுள்ள இரும்பகத்தின் காந்தம் ஐந்தில் ஒரு பங்கு கூடுகின்றது. அதனால் அது சூடாகி உறுமும். அந்த உறுமல் பெட்டிகளில் கேளாது. கருவியின் உடம்பிலேயே கேட்கும். காதை அருகில் வைத்து வேறுபாட்டை அறிக.

பழைய கனடியச் சுழலிகள் சிலவற்றின் மோட்டார் மின்சாரத்தின் ஆட்டத்துக்கு இசையவே சுற்றும். நிமிடத்துக்கு 33⅓ தடவை சுற்றவேண்டிய தட்டு, இங்கே ஏறத்தாழ 27.8 தடவையே சுற்றும். சுருதி மூன்று அரைச்சுர அளவு இறங்கிவிடும். வயர்களின் நிறத்திலும் எச்சரிக்கை வேண்டும். பழைய பிரித்தானிய வழக்கில் சிவப்பு உயிர்க்கம்பி, கறுப்பு நொதுமற் கம்பி. கனடிய வழக்கில் கறுப்பே உயிர்க்கம்பி, வெள்ளை நொதுமற் கம்பி. பழக்கத்தால் கறுப்பைத் தீங்கற்றதென்று எண்ணிப் பிளக் மாற்றுவோர் உயிரோடு விளையாடுகின்றார்கள்.

எப்போது கைவிடுவது?

சோதனைகளின் முடிவில் குற்றம் அம்பிளிபயரின் வலத்தடத்திலேயே என்று தெளிந்தால், மூடியைத் திறக்கும் வேலையை அறிந்தவரிடம் விடுக. பிளக்கைக் கழற்றிய பின்னும் பெரிய கொள்ளளவிகள் மின்னைச் சிறிதுநேரம் சேமித்து வைத்திருக்கும். இரைச்சல் திடீரெனப் பெரிதாகி, குமிழைத் திருப்பியும் மாறாது, ஒலிபெருக்கியின் கூம்பு முன்னோ பின்னோ தள்ளப்பட்டு அசையாமல் நின்றால், உடனே நிறுத்துங்கள். நேரோட்டம் பெட்டிக்குப் பாய்கின்றது என்பது அதன் பொருள். சிறிது நேரத்தில் சுருள் எரிந்துவிடும்.

பழுது பார்ப்பவரிடம் போகும்போது, "இரைகின்றது, பாருங்கள்" என்று மாத்திரம் சொல்லிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். எழுதி வைத்த குறிப்புகளைக் காட்டுங்கள். எந்தச் சோதனையில் இரைச்சல் இடம் மாறியது, எதில் மாறவில்லை, குமிழுக்கு அடங்குகின்றதா என்பவற்றைச் சொல்லுங்கள். பின்புறக் குதைகளின் ஈயப் பற்றையும், தெரிவுச் சுவிச்சையும், வலத்தடத்து வலுத் திரான்சிற்றர்களையும் இந்த ஒழுங்கிலே பார்க்கும்படி கேளுங்கள். பெட்டிகளைக் கழற்றிவிட்டு, வெளிவரும் முனைகளில் மல்ரிமீற்றரால் நேரோட்ட வோல்ற்றை அளக்கச் சொல்லுங்கள். திரான்சிற்றர்க் கருவியில் அது 50 மில்லிவோல்ற்றுக்குக் கீழே இருப்பது நலம். திறமையுள்ள தொழிலாளி இக்கேள்விகளால் கோபிக்கமாட்டார், மகிழ்வார். மாற்றிய உறுப்புகளைத் திருப்பித் தரும்படி கேட்பதும் வாடிக்கையாளரின் உரிமையே.

வடமராட்சி அன்பருக்கு இறுதியாக ஒரு வார்த்தை. இரைச்சல் தீரும்வரை அந்த மூன்று கசெற்றுகளையும் போட்டுப் பார்க்கவேண்டாம். சோதனைகளுக்கு வேறு ஏதேனும் ஒரு கசெற்றை உபயோகியுங்கள். பிரதி செய்யும் நாளில், ஒலிநாடாக் கருவியின் தலையைத் தூய மதுசாரம் தோய்ந்த பஞ்சினால் துடைத்து, உலர்ந்த பின், முதலாவது கசெற்றை ஒருமுறை முன்னும் பின்னும் முழுமையாகச் சுற்றவிட்டுப் பின்பு தொடங்குங்கள். ஒருபக்கத்துத் தடத்தில் சிறிது இரைச்சல் எஞ்சினாலும் கலங்கவேண்டாம். ஒரே ஒலிவாங்கியால் பதிந்த குரல் இரு தடங்களிலும் ஒன்றாகவே இருக்கும். ஆகவே, கணினியில் இடத்தடத்தை மாத்திரம் எடுத்து இரண்டு பக்கத்துக்கும் வைத்தால், தந்தையாரின் குரல் குறைவின்றிக் கிடைக்கும். பச்சை வயர் மாத்திரம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.